யோகராஜ் பேருக்கு வந்த பெட்டி

போர்ட் பிளேரில் ஒரு பல்கலைக்கழகத்தின் முதல் வாகனம் ஆட்டோ என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாதவர்கள் ஜங்லிகாட்டுக்கு வந்து யோகராஜைக் கேட்கலாம். கேட்டால் அரை நாள் போய்விடும், அதற்குத் தயாராக வரவேண்டும்.

இப்போது அவர் ஓட்டுவது பெரிய பேருந்து. பக்கவாட்டில் பல்கலைக்கழகத்தின் பெயர் மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது. அவருக்குச் சீருடை உண்டு, சட்டைப் பையில் அடையாள அட்டை உண்டு. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆனால் சந்து கண்ட இடத்திலெல்லாம் வண்டியை நுழைக்கப் பார்க்கும் ஆட்டோக்காரப் புத்தி மட்டும் இன்னும் போகவில்லை என்று மாணவர்கள் சொல்வார்கள். அவரும் மறுப்பதில்லை.

அவருடைய பெற்றோர் இலங்கை மலைத்தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். அங்கிருந்து திரும்பியவர்களில் சில குடும்பங்களை அரசாங்கம் தீவுகளுக்கு அனுப்பியது. இவர்களுக்கு வாய்த்தது லிட்டில் அந்தமானில் ஹட் பே, அங்கே பாமாயில் தோட்டம். யோகராஜ் அங்கேதான் பிறந்தார், வளர்ந்ததும் அதே தோட்டத்தில் குலை வெட்டினார். பிறகு தோட்டத்தை மூடினார்கள். அதற்குப் பிறகு சுனாமி வந்தது. இனி இங்கே என்ன இருக்கிறது என்று மனைவி பேச்சியம்மாவை அழைத்துக்கொண்டு போர்ட் பிளேர் வந்து, ஜங்லிகாட்டில் ஒரு சந்தில் வீடு பிடித்து, ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தார்.

அப்படி ஓட்டிக்கொண்டிருந்த 2015-இல் ஒருநாள் விமான நிலையத்தில் ஒரு பெண் ஏறினார். மடியில் ஒரு பெட்டி. அதைக் கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார். பள்ளம் வந்தபோதெல்லாம், "அண்ணா, மெதுவா" என்றார். அந்தப் பெட்டிக்குள் இருந்தது மைக்ராஸ்கோப். அந்தப் பெண் சங்கவி, தூத்துக்குடிக்காரர். மெயின்லாண்டில் இருக்கும் ஓர் அரசுப் பல்கலைக்கழகம் தீவில் கடல் ஆய்வு மையம் தொடங்க அவரைத் தனியாக அனுப்பியிருந்தது. இறங்கும்போது அவர் கேட்டார்: "உங்க வண்டிய மாசத்துக்குப் பேசிக்கலாமாண்ணா?"

மையம் என்றால் ஜங்லிகாட்டில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு மேலே இரண்டு அறை. மாணவர்கள் நாலு பேர். கீழே பட்டறையில் கிரைண்டர் ஓடினால் மேலே மைக்ராஸ்கோப்பில் செத்துக் கிடக்கும் புழுவும் ஆடும். யோகராஜின் ஆட்டோவில் கடல்தண்ணீர் டிரம் போனது, வலை போனது, டெல்லியிலிருந்து வந்த பேராசிரியர் போனார், ஒருதடவை கரையொதுங்கிய ஆமையொன்றும் போனது. ஆமை போன வாரம் பேச்சியம்மா ஆட்டோவில் ஏறவே இல்லை. ஆனால் யோகராஜுக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. ஸ்டாண்டில் அவர் வெறும் ஆட்டோ. இங்கே அவர் "நம்ம யோகராஜ் அண்ணன்". தேநீர் வாங்கினால் அவருக்கும் ஒரு கிளாஸ் தானாக வந்தது. இப்படி ஓர் இடத்தில் தன்னை வைத்ததற்கு, யாருக்கு என்று குறிப்பாகத் தெரியாமலே, காலையில் வண்டியைக் கிளப்பும்போது மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்வார்.

இரண்டாம் வருடம் கார்த்திகா வந்து சேர்ந்தாள். ஹட் பேக்காரப் பெண், யோகராஜ் குலை வெட்டிய அதே தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள். அப்பா அழகர்சாமி தோட்டம் மூடியபின் மீன்பிடிக்கப் போனவர். கார்த்திகாவின் அண்ணன் படிக்கிறேன் என்று மெயின்லாண்டுக்குக் கப்பல் ஏறினான். படித்தான், வேலை கிடைத்தது, கல்யாணமும் அங்கேயே முடிந்தது. எட்டு வருடமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. அதனால் அழகர்சாமி மகளிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "இங்கயே எவ்ளோ வேணா படி. கப்பல் மட்டும் ஏத்த மாட்டேன்."

அவள் ஆராய்ச்சி செய்தது ஹட் பே கடலின் சங்கரா மீனைப் பற்றி. மீனின் தலைக்குள் சின்னதாக ஒரு காதுக்கல் இருக்கும். அதை நறுக்கிப் பார்த்தால் மரத்தில் இருப்பதுபோல வளையம் வளையமாகத் தெரியும். அதை எண்ணி மீனின் வயதைச் சொல்லிவிடலாம். மாதம் தவறாமல் ஒரு வருடத்துக்கு மீன் எடுக்கவேண்டும். ஒரு மாதம் விட்டுப்போனாலும் அடுத்த வருடம் அதே மாதம் வரைக்கும் காத்திருக்கவேண்டும்.

காத்திருக்க அவகாசம் இல்லை என்பதுதான் விஷயம். பல்கலைக்கழகம் மையத்துக்குக் கொடுத்தது மூன்று வருடச் சோதனைக் காலம். 2018-இல் மெயின்லாண்டிலிருந்து ஒரு குழு வந்து பார்க்கும். உருப்படியாக ஏதாவது நடந்திருந்தால் மையம் நிலைக்கும், இங்கேயே முனைவர் பட்டம் வாங்கலாம். இல்லாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு மாணவர்கள் மெயின்லாண்டு வளாகத்துக்குப் போய்விடவேண்டும். மற்றவர்கள் போவார்கள். கார்த்திகாவின் படிப்பு கப்பல் ஏறும் துறைமுக ஜெட்டியோடு நின்றுவிடும். குழுவிடம் காட்ட மையத்தில் இருந்த பெரிய வேலையே அவளுடையதுதான்.

கடைசி மாதத்து மீன், குழு வருவதற்கு முந்தின நாள் காலைக் கப்பலில் வந்தது. கார்த்திகா குழுவுக்கான வேலையில் மூழ்கியிருந்ததால் ஹட் பேயில் அழகர்சாமியே மீன் பிடித்து, அளந்து, ஒவ்வொன்றின் வாலிலும் எண் போட்ட பிளாஸ்டிக் சீட்டைக் கட்டி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு அனுப்பினார். பெட்டிமேல் எழுதியிருந்தது "யோகராஜ், ஜங்லிகாட்". எப்போதும் அப்படித்தான் வரும். அது யோகராஜ் செய்துவைத்த ஏற்பாடு. தீவில் சொந்தக்காரருக்கு மீன் அனுப்பாத வீடு கிடையாது. கப்பல்காரர் ஒருவர் கையில் பெட்டியைக் கொடுத்து, ஆள் பேரைச் சொல்லிவிட்டால் போதும், பத்திரமாக வந்துவிடும்.

அன்றைக்கு ஜெட்டியில் கப்பல்காரர் இரண்டு பெட்டியை நீட்டினார். இரண்டிலும் அதே பெயர், அதே ஊர். ஒன்று அழகர்சாமி அனுப்பியது. மற்றது பேச்சியம்மாவின் அண்ணன், யோகராஜின் மச்சான், தங்கை வீட்டுக்கு அனுப்பியது. மச்சான் அனுப்பும் பெட்டி எப்போதும் நோஞ்சானாகத்தான் இருக்கும், கையை நீட்டிக் கொடுக்கிற ஜாதியில்லை அவர். அதனால் யோகராஜ் இரண்டையும் தூக்கிப் பார்த்து, கனமானதை ஆய்வகத்தில் வைத்துவிட்டு, லேசானதை வீட்டில் போட்டுவிட்டு, சவாரிக்குப் போய்விட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக மச்சானுக்குக் கை தாராளமாகி, மீனுக்கு அடியில் சேனைக்கிழங்கையும் தேங்காயையும் அடைத்து வைத்திருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டில் பெட்டியைத் திறந்த பேச்சியம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். வரிசையாகச் சிவப்புச் சங்கரா, வாலில் எண் போட்ட சீட்டு. பக்கத்து வீட்டு பிஸ்வாஸ் பௌதியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பாருங்க பௌதி, நமக்குக் கப்பல்ல டிக்கெட் கெடைக்கல, மீனுக்கு டிக்கெட் போட்டிருக்காரு எங்கண்ணன்."

பௌதி என்றால் வங்காளியில் அண்ணி. அவர் வங்காளத்துக்காரர், பேச்சியம்மாவின் தமிழ் அவருக்குப் பாதி புரியும். "அச்சா, நம்பர் போட்டிருக்கா? அப்போ ரேஷன் மாதிரி வரிசையாக் குடு" என்றார்.

வந்த மீனைத் தனியாக வைத்துச் சாப்பிடும் வழக்கம் அந்தச் சந்தில் கிடையாது. வங்காளி வீடு, தெலுங்கு வீடு, மலையாளி வீடு, ராஞ்சிக்காரர் வீடு என்று பேச்சியம்மா முழுமீனாகக் கொடுத்தாள். மிச்சத்தை நறுக்கிப் பெரிய சட்டியில் குழம்பு வைத்தாள். அவற்றிலிருந்து அறுத்தெடுத்த சீட்டுகள் குப்பைக்கூடைக்குப் போயின.

மதியம் ஆய்வகத்தில் கார்த்திகா தன் பெட்டியைத் திறந்தாள். செதில் சீவி, குடல் எடுத்து, உப்பு மஞ்சள் தடவிய மீன். அடியில் சேனைக்கிழங்கு. அவளுக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. விளங்கியதும் யோகராஜுக்குப் போன் போட்டாள். அவர் ஆட்டோவோடு வந்து நின்றபோது அவள் பட்டறை வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். தனக்கு இடம் கொடுத்த மையத்தின் கதையைத் தன் கையாலேயே முடித்துவிட்டோமே என்று யோகராஜ் நினைத்தார்.

கார்த்திகாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சாப்ட்டு முடிச்சிருப்பாங்களாண்ணா?"

"இப்பதாம்மா சாப்பாட்டு நேரம்."

"அப்போ சலோ, போலாம். காதுக்கல்லு வெந்தாலும் கரையாது. தலை இருந்தாப் போதும்."

சங்கவி மேடமும் ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார்.

அந்த மத்தியானத்தை ஜங்லிகாட் இன்றைக்கும் மறக்கவில்லை. யோகராஜ் வீடு வீடாகப் போய், "மீன் தலை இருக்கா? வால்ல இருந்த சீட்டு இருக்கா?" என்று இந்தியிலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கேட்டார். முதலில் அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்றே நினைத்தார்கள். பேச்சியம்மா விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். பிறகு அவளே எழுந்து சந்து முனையில் நின்று, எந்த வீட்டுக்கு எத்தனை மீன் கொடுத்தாள் என்று சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். கொடுத்த கணக்கை இப்படித் தெருவில் சொல்கிறோமே என்று அவளுக்கு ஒரே கூச்சம்.

சாப்பாட்டில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வந்தார்கள். பிஸ்வாஸ் பௌதி மீன் தலையைப் பருப்பில் போட்டுச் சமைத்திருந்தார். அது அவர்கள் வீட்டு முதல்தரப் பதார்த்தம். கழற்றிவைத்த சீட்டையும் சேர்த்துப் பாத்திரத்தோடு தூக்கி வந்து கார்த்திகா முன்னால் வைத்தார். "லே லோ பேட்டி, எடுத்துக்கம்மா. தலைய எடுத்துட்டுப் பருப்ப மட்டும் திருப்பிக் குடு." ராஞ்சிக்காரர் வீட்டில் மீன் இன்னும் அடுப்புக்குப் போகவில்லை, சீட்டோடு அப்படியே வந்தது. தெலுங்கு வீட்டில் வறுத்திருந்தார்கள், ஆனால் சீட்டைக் கழற்றாமலே வறுத்திருந்தார்கள். மலையாளி வீட்டு மீன் ஒன்றைப் பூனை கொண்டுபோயிருந்தது. அந்த வீட்டு அம்மா பூனையை நிற்கவைத்துக் கேட்காத குறைதான்.

சந்தின் நடுவில் ஒரு மேசையைப் போட்டு கார்த்திகாவும் சங்கவி மேடமும் தலைகளைப் பிளந்து கல்லை எடுத்தார்கள். சந்தே சுற்றி நின்று பார்த்தது. அரிசிமணி அளவுக் கல்லில் மீனின் வயசு இருக்கிறது என்று கேட்டதும், இத்தனை வருடமாகத் துப்பிப் போட்டோமே என்று ஆளுக்கொரு பெருமூச்சு விட்டார்கள். பேச்சியம்மா குழம்பிலிருந்து தலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அவற்றின் சீட்டுகள் குப்பையில் கிடைத்துவிட்டன, எந்தச் சீட்டு எந்தத் தலைக்கு என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் குழு வந்தது. தலைவர் சொக்கலிங்கம், சிரிப்பைத் தவணையில் கொடுக்கிற மனிதர். கார்த்திகா தன் வேலையை விளக்கினாள். கடைசி மாதத்துக்கு வந்தபோது அவர் கையை உயர்த்தினார்.

"இது என்ன, பச்சை, வேகவைத்தது, வறுத்ததுன்னு மூணு பிரிவு?"

கடைசி மாதத்தை விட்டுவிட்டுப் பேசலாம் என்று காலையில் சங்கவி மேடம் சொல்லிப் பார்த்திருந்தார். கார்த்திகா கேட்கவில்லை. இப்போது நடந்ததை அப்படியே சொன்னாள். குழம்பில் கிடந்தவை எந்த எண்ணென்று தெரியாததால் அவற்றைச் சேர்க்கவில்லை என்றாள். ஒரு மீன் குறைகிறதே என்று கேட்டதற்கு, "அது பூனைக்குப் போயிருச்சு சார்" என்றாள். அவர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு அந்த ஆட்டோக்காரரைக் கூப்பிடச் சொன்னார்.

யோகராஜ் உள்ளே வந்து கைகட்டி நின்றார். மூன்று வருடத்தில் அந்த அறைக்குள் பெட்டி தூக்காமல் நுழைந்தது அதுதான் முதல் தடவை.

"பல்கலைக்கழகத்துச் சாமான உங்க பேர்ல ஏன் வரவழைச்சீங்க?"

"சார், யூனிவர்சிட்டின்னு எழுதுனா அது கார்கோ. நாளைக்கு வா, நாளன்னிக்கு வான்னுவாங்க, ஐஸ் கரைஞ்சிரும். யோகராஜ்னு எழுதுனா அது ஒரு ஆளோட மீனு. கப்பல்காரரு நெழல்ல வச்சு போன் போட்டுக் குடுப்பாரு."

"அப்படின்னா மூணு வருஷமா இங்க இருந்தும் இந்த ஊர்க்காரங்களுக்கு உங்களத்தான் தெரியும், யூனிவர்சிட்டியத் தெரியாது."

சங்கவி மேடம் தலையைக் குனிந்துகொண்டார். கேள்வியில் இருந்த ஊசி யோகராஜுக்கும் குத்தியது. என்ன சொன்னால் காரியம் கெடாது என்று யோசித்துப் பார்த்தார். கடைசியில் உண்மையைச் சொன்னார்.

"முந்தாநாள் வரைக்கும் அப்படித்தான் சார். நேத்து எங்க சந்துக்கு முழுசாத் தெரிஞ்சுபோச்சு. தின்னுக்கிட்டிருந்த சோத்துலருந்து எழுந்து வந்து குடுத்தாங்க சார். நான் கேட்டதுக்காகன்னா ஒரு தலை ரெண்டு தலை வந்திருக்கும். இந்தப் பொண்ணு படிப்புன்னு சொன்னதும் பூரா வந்துச்சு."

சொக்கலிங்கம் அதையும் எழுதிக்கொண்டார். மறுநாள் விமானத்தில் போய்விட்டார். நாலு மாதம் தகவலே இல்லை. அந்த நாலு மாதமும் யோகராஜ் கோயில், மசூதி, சர்ச் என்று ஒன்றையும் விடவில்லை. பிறகு ஒருநாள் காலை சங்கவி மேடம் மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்து, பட்டறைக்காரர் கிரைண்டரை நிறுத்தும்வரை காத்திருந்து சொன்னார்: மையம் நிலைத்துவிட்டது. எதனால் என்று யாருக்கும் தெரியாது. தன் பருப்புதான் காரணம் என்று பிஸ்வாஸ் பௌதி சொல்லிக்கொள்கிறார். மலையாளி வீட்டில் பூனைக்குத் தனி மரியாதை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. ஊருக்கு வெளியே நிலம் கிடைத்தது, கட்டிடம் எழுந்தது, கொரோனாவில் வேலை நின்று மறுபடி ஓடியது, ஆய்வுப் படகு ஒன்று வந்தது. நாலு மாணவர்கள் இருந்த இடத்தில் இருநூறு பேரானார்கள். கார் நிக்கோபார் தீவிலிருந்தும் பிள்ளைகள் வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். ஆட்டோ ஜீப்பாகி, ஜீப் பேருந்தாயிற்று. பத்தாண்டு விழாவில் இதையெல்லாம் திரையில் படம் படமாகக் காட்டினார்கள். யோகராஜ் கைதட்டினார். ஆனால் பத்து வருடத்தில் அவருக்குப் பெரிய நாள் எது என்று கேட்டால் விழாவைச் சொல்ல மாட்டார், 2022-இல் ஒரு புதன்கிழமையைச் சொல்வார்.

அன்றைக்குத்தான் கார்த்திகாவின் வாய்மொழித் தேர்வு. மையத்தின் முதல் முனைவர் பட்டம். தேர்வு நடக்கும் மண்டபத்துக்குள் யாரும் வந்து உட்காரலாம் என்று தெரிந்ததும், ஜங்லிகாட் சந்து அப்படியே கிளம்பிவிட்டது. நல்ல சேலை, நல்ல சட்டை, கல்யாணத்துக்குப் போவதுபோல். பேச்சியம்மா முன்வரிசையில் உட்கார்ந்தாள். அழகர்சாமி ஹட் பேயிலிருந்து கப்பலில் வந்திருந்தார். தயங்கித் தயங்கிப் பின்வரிசையில் யோகராஜ் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

தேர்வாளர்கள் ஆங்கிலத்தில் கேட்டார்கள், கார்த்திகா ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். வெந்த கல்லின் வளையத்தை எப்படி நம்புவது என்று ஒருவர் கேட்டபோது, அதற்கென்றே தனியாக மீன் சமைத்துச் சோதித்ததைச் சொல்லி முன்வரிசையைக் காட்டினாள். பேச்சியம்மா என்ன ஏதென்று தெரியாமலே எழுந்து நின்று வணக்கம் வைத்தாள். மண்டபம் சிரித்தது. அழகர்சாமிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மகளை ஏதோ குறுக்கு விசாரணை செய்கிறார்கள் என்று நினைத்து, முன்னிருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒருவர் எழுந்து இரண்டு வரி சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள்.

"என்னாங்கறான் யோகராஜு?" என்றார் அழகர்சாமி.

"ஒங்க பொண்ணு டாக்டராயிட்டாண்ணே. பாஸ், முடிஞ்சிருச்சு."

அழகர்சாமி கைதட்டவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகனையும் இதே மாதிரி ஒருநாள் பெரிய படிப்பு என்று எல்லாரும் கைதட்டி அனுப்பினார்கள். அவர் குரலை இறக்கி, பக்கத்திலிருப்பவருக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்ததுபோல் கேட்டார்.

"இம்புட்டுப் பெரிய படிப்பு படிச்சிருச்சே. இனிமே போயிருமா?"

கார்த்திகாவுக்கு அங்கேயே ஆசிரியர் வேலை என்று அன்று காலைதான் சங்கவி மேடம் யோகராஜிடம் சொல்லியிருந்தார். அவளே தன் வாயால் அப்பாவிடம் சொல்லட்டும் என்று பொத்தி வைத்திருந்தார். இந்தக் கேள்விக்கு முன்னால் அதைப் பொத்திவைக்க அவரால் முடியவில்லை.

"எங்கயும் போகாதுண்ணே," என்றார். "திங்கக்கெழமைலருந்து இங்கயே பாடம் எடுக்குது. நாந்தான் பஸ்ல கூட்டிட்டு வரப்போறேன்."

அழகர்சாமி முன்னிருக்கையை விட்டுக் கையை எடுத்தார். எல்லாரும் தட்டி முடித்த பிறகு, எடுத்த கைகளால் தனி ஆளாகக் கைதட்ட ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை.